திருப்பி அச்சடித்த முகம்

ஒரு மனிதனின் இடது கன்னத்தை வலது கன்னமாக்க பம்பாய் ஆபீசில் ஒரு விநாடி போதும். நெகட்டிவைப் புரட்டிப் போட்டால் முடிந்தது. அதே கன்னத்தை மறுபடி இடது பக்கத்துக்குக் கொண்டுவர நான் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே நான்கு நாள் அலைந்தேன். அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஓர் இங்கிலீஷ் வாரப் பத்திரிகைக்குப் படம் எடுப்பவள். படிப்பு எட்டாவதோடு சரி. அரியலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த அப்பாவுக்குக் கண் மங்கியதும் என்னை இருட்டறையில் நிற்க வைத்துவிட்டார். அங்கே கற்றதுதான் இன்றைக்குப் பம்பாயில் சோறு போடுகிறது. ஈராக்குக்கும் ஈரானுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, அங்கே வேலைக்குப் போன நம் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று படம் எடுத்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். எனக்குத் தைரியம் ஜாஸ்தி என்று ஆபீசில் ஒரு நினைப்பு. நான் லிஃப்டில் ஏறவே யோசிக்கிறவள்.

ஈராக்கில் பாஸ்ரா என்ற ஊரில் பதினோரு நாள் இருந்தேன். காலையில் தட்டை ரொட்டி, பேரீச்சம்பழம், பால் இல்லாத டீ. அப்புறம் குண்டு விழும் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் பையில் கையை விட்டு ஃபிலிம் ரோல்களை எண்ணிக்கொள்வேன். எண்ணி முடிப்பதற்குள் நடுக்கம் கொஞ்சம் குறையும். எங்கே போனாலும் அரசாங்க ஆள் ஒருவர் கூடவே வந்தார். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை அவர் முழங்கையால் இடித்துச் சொல்வார்.

ஒன்பதாம் நாள் ஆற்றங்கரை ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். மூன்றாவது மாடி. ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். இடது கன்னத்தில் கருத்த வடு. முந்திரிக்கொட்டை சுடும்போது எண்ணெய் தெறித்து வெந்த வடு அது. எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் பார்த்த உடனே தெரியும்.

"தண்ணி" என்றார். கொடுத்தேன். "எந்தூரு தாயி?" என்றார். அரியலூர் என்றேன். "நமக்கு செந்துறைப் பக்கம்" என்றார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வது போலத்தான் சொன்னார். போர்வை அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. ஒரே ஒரு படம் எடுத்தேன். வெளியே அபாயச் சங்கு ஊதியது. அரசாங்க ஆள் என் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துவிட்டார். பெயரைக் கேட்கவில்லை.

படம் பத்திரிகையில் வந்தது. வலது கன்னத்தில் வடுவோடு வந்தது. அச்சில் அது இடதுபக்கத் தாளில் விழுகிறதாம். ஆள் தாளுக்கு வெளியே பார்த்தால் வாசகர் கண்ணும் வெளியே போய்விடுமாம். அதனால் உள்ளே பார்க்கும்படி புரட்டிவிட்டார்கள். மார்புக்குக் கீழே வெட்டியும் விட்டார்கள். "முகம் போதும்" என்றார் உதவி ஆசிரியர். கன்னம் மாறிவிட்டதே என்றேன். "அந்த ஆள் வந்து கேட்கப் போகிறாரா?" என்றார்.

மூன்று மாதம் கழித்து ஆபீஸ் அலமாரியில், கிழித்துப் பார்த்துவிட்டு அப்படியே போட்டிருந்த தபால் ஒன்று என் கண்ணில் பட்டது. மேலே விலாசம் இங்கிலீஷில், உள்ளே தமிழ். படிக்கத் தெரியாததால் ஓரம் கட்டிவிட்டார்கள். தமிழ்க்காரி ஒருத்தி அதே அறையில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடம் கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹமீது பாய் எழுதியிருந்தார். படத்தில் இருப்பவர் தனக்குத் தெரிந்த சின்னதுரை போல இருக்கிறார், ஆனால் வடு கன்னம் மாறி இருக்கிறது, வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டோ ஆள் ஓடிப்போய்விட்டான் என்கிறார், உண்மை என்ன என்று தெரிவிக்கவும்.

நெகட்டிவ் ஆபீசுக்குச் சொந்தம். கேட்டால் கொடுத்திருக்க மாட்டார்கள். கேட்கவில்லை. டிபன் பாக்சில் பஞ்சு வைத்து, ஆறு படம் உள்ள அந்தத் துண்டை உள்ளே வைத்து மூடிக் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் லப்பைக்குடிக்காடு. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள், கால்மாட்டில் வெல்லச் சிப்பம். டிபன் பாக்சை அதன் மேல் வைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். "என்னம்மா, சோத்துக்கு இவ்வளவு காவலா?" என்றார். வெயிலில் நெகட்டிவ் வளைந்துவிடுமோ, எறும்பு ஏறிவிடுமோ என்று வழி முழுவதும் மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பாஸ்ராவில்கூட இவ்வளவு பயந்ததில்லை.

ஹமீது பாய் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் கடைப்பலகையை எடுத்து மாட்டிவிட்டு, வீட்டுக்கு வாங்கம்மா என்று நடந்தார். தேங்காய்ச் சோறும் கறிக்குழம்பும் போட்டார்கள். குவைத்திலிருந்து வந்த ஆரஞ்சுப் பொடியைக் கரைத்துக் கொடுத்தார்கள். மனைவி கதவோரம் நின்று என்னை அளந்தார்.

"சண்டைக்கெல்லாம் தனியாவா போறீங்க? வூட்டுக்காரரு?"

"இல்லைங்க. கல்யாணம் ஆகலை."

"அதான பாத்தேன். இருந்தா விட்டிருப்பாரா?" என்று சொல்லி இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

பாய் கதையைச் சொன்னார். அவருடைய தங்கை மகன் பம்பாய் வழியாக ஊருக்கு வந்தபோது அத்தர் பாட்டிலைச் சுற்றியிருந்த தாள்தான் எங்கள் பத்திரிகை. பாட்டிலை எடுத்துவிட்டுத் தாளை நீவியபோது முகம் தெரிந்திருக்கிறது. சின்னதுரை வெளிநாடு போகும் முன்பு அவர் கடையில் துணி பேல் தூக்கிய ஆள்.

"எட்டு வருசம் பாத்த மொகம்மா. தாளை எடுத்துக்கிட்டு அவன் சம்சாரம் அஞ்சலைகிட்டப் போனேன். அது பாத்துட்டு, வடு இந்தப் பக்கம் இல்லையே பாய், இது அவரு இல்லைன்னுடுச்சு. ஏஜெண்டு அதையே பிடிச்சுக்கிட்டாரு. இல்லைன்னு எழுதி ரேகையும் வாங்கிட்டாரு."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"என்னத்தச் சொல்லுவாங்க? அங்க எவளையோ வச்சுக்கிட்டான்றாங்க. அந்தப் புள்ள கடலை புடுங்கப் போற எடத்துல மூஞ்சிக்கு நேராவே கேக்கறாங்களாம். ஓடிட்டான்னு எழுதிட்டா கம்பெனி தேட வேண்டியதில்லை. ஏஜெண்டு பதில் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் சௌகரியம். அல்லா பாத்துக்கிட்டுதான் இருக்கான்."

என் பத்திரிகைக்கும் அந்தச் சௌகரியத்தில் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். காலைப் பற்றி பாயிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அஞ்சலைக்கு நான் போகும் முன்பே சேதி போய்விடும். போகட்டுமே, நான் சொல்லும் பாடு மிச்சம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பாயும் நானும் பெரம்பலூரில் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில். ஏஜெண்ட் வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம். என் கேமராவைப் பார்த்தார்.

"ஏம்மா, சண்டை நடக்கற எடத்துக்கு அனுப்ப அந்தப் பத்திரிகையில ஆம்பளை யாரும் இல்லையா?"

"இருக்காங்க. அவங்களுக்கு வேற வேலை இருந்துச்சு."

தடித்த நோட்டு ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். சின்னதுரை, தகப்பன் பெயர், ஊர், பாஸ்போர்ட் நம்பர். கடைசிக் கட்டத்தில் 'ஓடிப்போனவர்'. சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தது.

"கம்பெனி தந்தி குடுத்திருக்கு. குண்டு விழுந்த மறுநாள்லேருந்து ஆள் வேலைக்கு வரல. வேலைக்கு வராதவன் வேற என்ன?"

நாக்கு நுனி வரை வந்தது. கால் இல்லாத மனிதர் எப்படி ஐயா ஓடுவார் என்று. பாய் பக்கத்தில் இருந்தார். விழுங்கினேன். டிபன் பாக்சைத் திறந்து நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வடு இடது பக்கம்தான், அச்சில் புரட்டிவிட்டார்கள் என்றேன்.

அவர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். கைரேகை பட்டுவிடுமோ என்று எனக்கு உயிர் போனது.

"இப்படி வச்சா இந்தப் பக்கம். அப்படி வச்சா அந்தப் பக்கம். எது நெசம்?"

"ஓரத்துல நம்பர் இருக்கு பாருங்க. ஃபிலிம் செய்யும்போதே போட்டது. அந்த நம்பர் நேராத் தெரியற பக்கம்தான் நெசம்."

"எறும்பு மாதிரி இருக்கு. எனக்குத் தெரியல."

"மொதலாளி, வடு எடம் மாறலாம். மூக்குமா மாறும்?" என்றார் பாய்.

ஏஜெண்ட் மேஜை டிராயரிலிருந்து அஞ்சலையின் ரேகை வைத்த தாளை எடுத்து எங்கள் முன் தள்ளினார். "கட்டுன பொண்டாட்டியே இல்லைன்னுட்டா. நீங்க யாரு நடுவுல? பேரு கேட்டீங்களாம்மா அந்த ஆளுகிட்ட?"

கேட்கவில்லை என்றேன்.

"நல்லா வேலை பாத்தீங்க. பெரிசா படம் போட்டுட்டு, அந்தப் பொம்பளையே வந்து எம் முன்னாடி ஆமான்னு சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம்."

மத்தியானம் பாய் கடைக்குத் திரும்பினார். நான் அரியலூர் பஸ் ஏறினேன். நடுவழியில் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு நான் சீட்டுக்கு அடியில் குனிந்துவிட்டேன். பஸ் முழுவதும் சிரித்தது. கண்டக்டர், "எந்திரிங்கம்மா, பஞ்சர்தான்" என்றார். ஸ்டெப்னியும் காற்றில்லாமல் இருந்ததால் ஒன்றரை மணி நேரம் சாலையோரம் நின்றோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் எல்லோரையும் வெள்ளையடித்தன. நெகட்டிவுக்குத் தூசியைப் போல எதிரி இல்லை. டிபன் பாக்சைப் புடவைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சின்னதுரையை ஓடினவர் என்று எழுதியவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சண்டை நடக்கும் பாஸ்ராவில் எங்கள் ஜீப் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

மூன்றாம் நாள் அரியலூரில் ஒரு ஸ்டூடியோவைப் பிடித்தேன். அப்பாவுடையது இல்லை. அது எப்போதோ செருப்புக்கடை ஆகிவிட்டது. இந்த ஸ்டூடியோக்காரர் கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தார். இருட்டறையை வாடகைக்குக் கேட்டதும், "நீங்களே போடுவீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். நெகட்டிவை வைக்கும் சட்டம் ஓரத்து நம்பரை மறைத்தது. நம்பர் தெரிய வேண்டுமே. அவரிடமிருந்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வாங்கி, அந்த அட்டையில் கொஞ்சம் பெரிதாக ஜன்னல் வெட்டி, அதையே சட்டமாக வைத்தேன்.

"ஓரமெல்லாம் கறுப்பா வருமேம்மா. அசிங்கமா இருக்கும்."

"வரட்டும். அதுக்குத்தான்."

முதல் பிரிண்டுக்கு வெளிச்சம் விட்டபோது கரண்ட் போனது. இரண்டாவது சரியாக வந்தது. சிவப்பு விளக்கில், மருந்துத் தட்டில், முகம் முதலில் எழுந்தது. இடது கன்னத்தில் வடு. சுற்றிலும் கறுப்புக் கரை. கரையில் வெள்ளையாக, நேராக, நம்பர். அப்புறம் போர்வை. அப்புறம் அந்தத் தட்டையான இடம்.

ஸ்டூடியோக்காரர் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். "காலை வெட்டிட்டுக் குடுங்கம்மா. நம்பருதான் வேணும்? அது மேலயும் கீழயும் இருக்கே. பாவம், அந்தப் பொண்ணு எதுக்கு இதைப் பாக்கணும்?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு நிம்மதியாகவே இருந்தது. இரண்டு பிரிண்ட் போட்டேன். ஒன்று முழுசு. இன்னொன்றில் இடது பக்கத்தைக் கத்தியால் நறுக்கிவிட்டேன்.

நான்காம் நாள் காலை செந்துறை. டீக்கடையில் டீ குடித்துவிட்டு அஞ்சலையின் ஊருக்கு வழி கேட்டேன். அது வரை, "எங்கேருந்து வரீங்க, உக்காருங்க" என்று உபசாரம் செய்த கடைக்காரர், அஞ்சலை இருக்கும் காலனிப் பெயரைச் சொன்னதும், "அந்தப் பக்கமா?" என்று டம்ளரைத் தன் கையால் எடுக்காமல் கீழே வைக்கச் சொன்னார். நான் அதைப் பலகை மேலேயே ஓங்கி வைத்துவிட்டு நடந்தேன். டம்ளர் உடைந்திருந்தால் என்ன செய்வது என்ற கவலை முந்திரிக்காட்டைத் தாண்டும் வரை இருந்தது.

அஞ்சலைக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கடலைக் கொல்லைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் கூடையை இறக்கினாள். கம்பங்கூழைக் கரைத்துக் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை எதுவும் கேட்கவில்லை.

"அந்தப் படம் புடிச்சவங்களா நீங்க?"

"ஆமா."

"ஏங்க்கா கன்னத்தை மாத்துனீங்க?"

நான் மாற்றவில்லை, ஆபீசில் மாற்றினார்கள் என்று ஆரம்பித்துத் தாளில் ஆள் உள்ளே பார்க்க வேண்டும் என்கிற கதையை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"அவரு எங்க பாத்தா இவங்களுக்கு என்னவாம்?"

நறுக்கிய பிரிண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் அவள் விரல் நேராக வடுவுக்குப் போனது. தடவவில்லை, அதன் மேல் அப்படியே வைத்திருந்தாள். "அவருதான்" என்றாள். "அன்னைக்கும் ஒரு மனசு அவருதான்னு சொல்லுச்சு. வடு மாறி இருந்ததும் நல்லதாப் போச்சு, அடிபட்டுக் கெடக்கறது யாரோன்னு ரேகை வச்சுட்டேன்."

பிறகு படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"மூணு பக்கமும் கரை இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் ஏன் இல்ல?"

விரலால் அந்த ஓரத்தை நெருடிப் பார்த்தாள்.

"வெட்டியிருக்கு, இல்ல? புதுசா வெட்டுனது. ஓரம் கூரா இருக்கு."

உதவி ஆசிரியர் பம்பாயில் செய்ததை நான் அரியலூரில் செய்திருக்கிறேன். அவர் வாசகர் கண்ணுக்காக வெட்டினார், நான் இரக்கத்துக்காக. வெட்டு என்னவோ அதே இடத்தில்தான். பையிலிருந்து முழுப் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. கோழி ஒன்று கூழ்ச் சட்டியைக் கொத்த வந்தது. அவள் விரட்டவில்லை, நானும் விரட்டவில்லை.

"வலிக்குதுன்னாரா?"

"இல்ல. தண்ணி கேட்டாரு. எந்தூருன்னு கேட்டாரு. அதுக்குள்ள அபாயச் சங்கு ஊதிடுச்சு."

"இவ்வளவு கிட்ட நின்னீங்க. பேரு கேக்கலையாக்கா? கேட்டிருந்தா இத்தனை மாசம் எனக்கு இந்தப் பேச்சு இல்லையே. சங்கு ஊதுனா வாய் அடைச்சுப்போயிடுமா?"

ஏஜெண்ட் கேட்டபோது கோபம் வந்தது. இவள் கேட்டபோது வரவில்லை. இல்லை அஞ்சலை, கேட்கவில்லை, என் தப்புதான் என்றேன். அவள் உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

பெரம்பலூர் வரை பஸ்ஸில் என்னைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள். எந்த ஆஸ்பத்திரி, கட்டில் எந்தப் பக்கம், பக்கத்துக் கட்டிலில் யார், ஜன்னலில் என்ன தெரிந்தது. பத்திரிகையில் ஒருவரும் கேட்காத கேள்விகள். நினைவிருந்ததை எல்லாம் சொன்னேன்.

ஏஜெண்ட் எனக்கு மட்டும் நாற்காலியைக் காட்டினார். அஞ்சலை பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்தாள். படத்தை மேஜை மேல் வைத்தாள், முழுப் படத்தை. நான் ஓரத்து நம்பரைக் காட்டினேன். இந்தத் தடவை அது எறும்பு மாதிரி இல்லை.

"அன்னைக்கு இல்லைன்னு நீதானே ரேகை வச்ச?" என்றார். என்னை 'நீங்க', அவளை 'நீ'.

"அன்னைக்குத் தாள்ல இருந்தது கன்னம் மாறுன ஆளு. பாதியில வெட்டுன ஆளு. அதை எங்க வூட்டுக்காரருன்னு எப்படிச் சொல்லுவேன்? இதான் முழு ஆளு."

ஏஜெண்டின் பார்வை படத்தின் இடது பக்கத்துக்குப் போய் நின்றது.

"பாத்தீங்களா? இந்தக் காலோட எங்கங்க ஓடியிருப்பாரு? நோட்டை எடுங்க."

எடுத்தார். எப்படி எடுத்தார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். "அந்தச் சொல்லு எங்க இருக்குக்கா?" என்று அஞ்சலை என்னைக் கேட்டாள். தொட்டுக் காட்டினேன். அவர் பேனாவால் மேலாக ஒரு கோடு இழுத்தார்.

"தெரியுதேங்க இன்னும். நல்லா அடிங்க."

அடித்தார். நோட்டை மூடப் போனார். அஞ்சலை எழுந்திருக்கவில்லை.

"அதான் அடிச்சாச்சேம்மா. இன்னும் என்ன?"

"ஓடிப்போகலைன்னு ஆச்சு. எங்க இருக்காருன்னு எழுதணும்ல? நான் இருக்கேன். நீங்க நிதானமாச் செய்யுங்க."

கீழே திருச்சி பஸ்காரர் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது போனால் என் ரயில் போய்விடும். நெகட்டிவை எடுத்து வந்ததற்கு ஆபீசில் என்ன பதில் சொல்வது என்பது வேறு. அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏஜெண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் மின்விசிறி மட்டும் கரகரத்தது. பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

கடைசியில் அவர் தந்தி ஃபாரத்தை எடுத்து மேஜையில் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார். என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரி அடையாளம் சொல்லுங்கம்மா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"பாஸ்ரா. ஆத்தங்கரை ஆஸ்பத்திரி. மூணாவது மாடி. படியேறுனதும் வலது கைப் பக்கம், ஜன்னலோரக் கட்டில். பேரு சின்னதுரை. எழுதுங்க."